கோந்த்ரான் பிரபுவும் ‘மனிதன்’ என்ற சொல்லும்

கதை என்றால் ஊரில் ஒரு ராஜா இருக்க வேண்டும். இந்தக் கதையிலும் ராஜா உண்டு, ஆனால் எட்டு நாள் குதிரைப் பயணத் தொலைவில் இருக்கிறார். ஊரில் இருந்தது பிரபு. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்தில் அப்படித்தான். ராஜா நிலத்தைப் பெரிய பிரபுவுக்குக் கொடுப்பார். பெரிய பிரபு அதில் ஒரு துண்டைச் சின்னப் பிரபுவுக்குக் கொடுப்பார். சின்னப் பிரபு குடியானவர்களைப் பார்த்து “குனி” என்பார். குனிந்தவர்கள் உழுதார்கள். மற்றவர்கள் கொடுத்தார்கள், வாங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

மோன்தாரி என்று ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு கோட்டை, கோட்டைக்குள் கோந்த்ரான் என்று ஒரு சின்னப் பிரபு. பெயரைக் கேட்டதும் கோந்து ஞாபகம் வருகிறதா? வரட்டும், தப்பே இல்லை. அவர் கையில் பட்டது எதுவும் பிரிந்து வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிரபுவுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் கிஷார் ஈட்டிப் பந்தயங்களுக்குப் போவான். மூன்று பந்தயங்களில் மூன்று முறை குதிரையிலிருந்து விழுந்தான், மூன்றாவது முறை குதிரை கிளம்புவதற்கு முன்பே. நடுவுள்ளவன் நாள் முழுக்கக் கையில் ஒரு வல்லூறை ஏந்திக்கொண்டு நிற்பான். வேட்டையாடுவது வல்லூறு, களைத்துப்போவது இவன். கடைக்குட்டியைத் துறவியாக்கிவிடலாம் என்று விட்டிருந்தார்கள். உண்பதையும் உறங்குவதையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் ஏற்கனவே துறந்திருந்தான்.

இந்த மூவருக்கும் முன்னால் ஒருத்தி பிறந்திருந்தாள். பெயர் மஹோ. “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று யாராவது கேட்டால் பிரபு மூன்று விரலைக் காட்டுவார். மதில் சரிந்தால் கொத்தனுக்கு ஆள் அனுப்பியது மஹோ. அகழி வாருகிறவர்களுக்குக் கூழ் போதுமா என்று பார்த்தது மஹோ. ஊர்ச் சட்டத்தை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்ததும் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திக்குத்தான். அப்பாவும் தம்பிகளும் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் புரிந்தவர்களைப் போலத் தலையாட்டுவார்கள்.

அந்த ஊர்ச் சட்டத்தைத்தான் வழக்குச் சுருள் என்பார்கள். ஆட்டுத்தோலில் எழுதியது. முன்பக்கத்தில் குடிகள் பிரபுவுக்குச் செய்ய வேண்டியவை. பின்பக்கத்தில் குடிகளுக்குக் கிடைக்க வேண்டியவை. எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, எந்தப் பக்கம் புதுசு போல இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சுருளில் ஒவ்வொரு வரியும் ‘இந்த மண்ணில் வாழும் ஒவ்வொரு மனிதனும்’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஊர் மொழியில் ஆண்பிள்ளைக்கும் மனிதப் பிறவிக்கும் ஒரே சொல். நம் மொழியில் மட்டும் என்ன வாழ்ந்ததாம் என்கிறீர்களா? அதுவும் சரிதான். ஆனால் இப்போது மோன்தாரிக்கு வாருங்கள்.

அங்கே பெரின் என்று ஒரு குடியானவள் இருந்தாள். வசந்தத்தில் புருஷன் செத்துப்போனான். இலையுதிர் காலத்தில் காவலாள் வந்து அவளைக் கையைப் பிடித்துச் சபைக்கு இழுத்துக்கொண்டு போனான். குற்றம் என்ன? அகழியில் மூன்று நாள் மண் வாரும் வேலைக்கு அவள் வரவில்லை.

“ஐயா, சுருள்ல ‘ஒவ்வொரு மனிதனும்’னு இருக்குன்னு சொல்றாங்க” என்றாள் பெரின். “எங்க வீட்டு மனுஷன் செத்துப்போயிட்டார். நான் பொம்பளை.”

பிரபு சிரித்தார். “மூச்சு விடுறியா?”

“விடுறேன் ஐயா.”

“ரொட்டி தின்றியா?”

“கிடைச்சா தின்றேன்.”

“ரெண்டு காலு இருக்கு. அது எனக்கே தெரியுது. அப்ப நீயும் மனிதப் பிறவிதானே! எடு மண்வெட்டியை.”

சபையே சிரித்தது. தன் புத்தி தனக்கே ரொம்பப் பிடித்துப்போய், பிரபு எழுத்தரைக் கூப்பிட்டார். “திபோ, இதை எழுதி வை. ‘மனிதன் என்றால் ஆணும் பெண்ணும்.’ என் முத்திரையைப் போடு.” எழுத்தர் திபோ எழுதினார். மெழுகு சொட்டியது, முத்திரை விழுந்தது. அது முதல் முத்திரை.

அடுத்த மாதம் பெரின் தன் வீட்டு அடுப்பில் இரண்டு ரொட்டி சுட்டாள். ஊரில் யாரும் வீட்டில் ரொட்டி சுடக்கூடாது. பிரபுவின் பெரிய அடுப்பில்தான் சுட வேண்டும், பத்துக்கு ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். மறுபடி இழுத்து வந்தார்கள். பிரபு மறுபடி மூச்சைக் கேட்டார், ரொட்டியைக் கேட்டார், காலைக் கேட்டார். இரண்டாவது முத்திரை.

அதற்கப்புறம் ஒரு போர் வந்தது. போர் என்றால், பக்கத்துப் பிரபுவின் பன்றி ஒன்று இந்தப் பக்கம் வந்துவிட்டது, கோந்த்ரான் பிரபு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்தான் எதையும் கொடுக்கமாட்டாரே! பக்கத்துப் பிரபு நாற்பது ஆட்களோடு மதிலுக்கு வெளியே வந்து நின்றான். பார்த்ததும் பிரபுவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. மூன்று மகன்களும் அப்பாவின் வயிற்றுவலியைக் கவனித்துக்கொள்ள உள்ளே போய்விட்டார்கள். “பெண்களும் மதில் மேல ஏறணுமா?” என்று மதில் காவலர்கள் கேட்டு அனுப்பினார்கள். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது: “மனிதன்னா மனிதன்தான்!” படுக்கையிலேயே மூன்றாவது முத்திரை.

பெண்கள் ஏறினார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தது பெரின், வாங்கிக் கீழே ஊற்றியது மஹோ. மத்தியானத்துக்குள் பக்கத்துப் பிரபு பன்றி ஆசையை விட்டுவிட்டுப் போய்விட்டான். பிரபுவின் வயிறும் சரியாகிவிட்டது. அன்று விருந்தில் அந்தப் பன்றியைத்தான் சாப்பிட்டார்கள். வீரத்துக்காக ஒரு தொடை கிஷாருக்கு.

குளிர்காலம் வந்தது. பெரின் பிரபுவின் காட்டுக்குள் போய், காற்றில் விழுந்து கிடந்த கிளைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். காட்டுக் காவலன் கட்டைப் பிடுங்கினான்.

“சுருள்ல பின்பக்கம் இருக்குல்ல? விழுந்த கட்டையை ஒவ்வொரு மனிதனும் எடுத்துக்கலாம்னு?” என்றாள் பெரின்.

“இருக்கு. மனிதன்னுதானே இருக்கு. நீ பொம்பளை இல்ல?”

பெரின் நேரே கோட்டைக்கு நடந்தாள். கூடத்து வாசலில் மறித்தார்கள். சபையில் பெஞ்சு போட்டிருப்பது மனிதர்களுக்காம்.

“இழுத்துட்டு வந்தா உள்ளே விடுறீங்க. நானா நடந்து வந்தா விட மாட்டேங்கிறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!” என்று கத்திவிட்டுப் போனாள்.

வாசலில் நின்றிருந்த மஹோ அதைக் கேட்டாள். நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று சிரித்தாள். பிறகு, மதில் வேலைக்கு வந்த கொத்தனைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மஹோ நல்லவள்தான், ஆனால் அன்றைக்கு அவள் வீட்டில் விறகு இருந்தது.

மஹோவின் அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம். அந்த அம்மாள் தன் பிறந்த வீட்டிலிருந்து ரோஷ்வேல் என்ற சிற்றூரைக் கொண்டுவந்திருந்தாள். ஆற்றங்கரை நிலம், சின்னதாக ஒரு வீடு, பின்னால் அருமையான ஓக் மரக்காடு. மோன்தாரியின் வழக்குச் சுருள்தான் அதற்கும் சட்டம். சாகும்போது அம்மாள் எழுதி வைத்த உயில் இது: ‘ரோஷ்வேல், என் வயிற்றில் பிறந்த முதல் மனிதனுக்கு.’

நிலத்தை அடைகிறவர் பெரிய பிரபுவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் கூப்பி அவர் கைகளுக்குள் வைத்து, “நான் உங்கள் மனிதன் ஆகிறேன்” என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நிலம் சொந்தம். அதற்காகப் பெரிய பிரபு அந்த வருஷம் புனித மார்ட்டின் திருநாளன்று மோன்தாரிக்கு வருவதாக இருந்தார்.

திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் பிரபு மகளைக் கூப்பிட்டார். “ரோஷ்வேல் கிஷாருக்கு. உன்னைக் கன்னிமாடத்துல சேர்த்துடறேன். திருநாள் முடிஞ்ச மறுநாள் வண்டி வரும். அங்கே நல்லா ஜெபம் பண்ணலாம்.”

“நான்தானே அப்பா மூத்தவ?”

“மூத்தவதான். யாரு இல்லைன்னா? மனிதன் இல்லையேம்மா!”

மஹோ கேட்டாள்: “அப்பா, நான் மூச்சு விடுறேனா?”

“இது என்ன கேள்வி?”

“சும்மா கேட்டேன்.”

அங்கிருந்து நேரே எழுத்தர் திபோவிடம் போனாள். திபோ எழுதும் இறகைக் கடித்து மென்றார். “உங்கம்மா சொன்னது ‘என் மூத்த பிள்ளைக்கு’ன்னுதான். ‘மூத்த பிள்ளை’ன்னு எழுதினா ஏதோ பால்காரி பேசுற மாதிரி இருந்துது. கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டுமேன்னு நான்தான் ‘முதல் மனிதன்’னு…”

“கம்பீரமா இருக்கட்டுமேன்னா? உங்க கம்பீரத்துக்கு நான் கன்னிமாடம் போகணுமா?”

“தப்புத்தான் அம்மா.”

“அதைச் சபையில சொல்வீங்களா?”

“குளிர்காலம் அம்மா” என்றார் திபோ பரிதாபமாக. “எனக்கும் ஒண்டிக்க ஒரு இடம் வேணுமே.” ஆனால் சுருள்கள் இருந்த பெட்டியை அவர் திறந்து வைத்தார். பிறகு, மழை வருமா என்று பார்க்க ஜன்னலுக்குப் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அன்றே மஹோ பெரினைத் தேடிப் பெரிய அடுப்புக்குப் போனாள். விஷயத்தைச் சொல்லி, “சபையில நீ சாட்சியா நிக்கணும்” என்றாள்.

பெரின் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “என் கட்டைப் பிடுங்கிட்டாங்கன்னு நான் வந்தப்போ நீங்க வாசல்ல நின்னு சிரிச்சீங்க.”

மஹோ தரையைப் பார்த்தாள்.

“சரி போங்க, வர்றேன். திருநாள் விருந்துக்கு ரொட்டி சுட நாங்க நாற்பது பேர் இங்கதான் இருப்போம். ஆனா வழக்குச் சுருளையும் கொண்டுவாங்க. ரெண்டு பக்கமும் வேணும்.”

“சுருள்னா ரெண்டு பக்கம் இருக்கத்தானே செய்யும்” என்றாள் மஹோ அவசரமாக. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

திருநாள் வந்தது, பெரிய பிரபுவும் வந்தார். விடியற்காலையிலிருந்து குதிரை மேல் வந்ததில் அவருக்கு அகோரப் பசி. அடுப்பு முற்றத்தில், கூடத்து வாசலுக்கு நேர் எதிரே. புது ரொட்டியின் வாசனை உள்ளே வரைக்கும் வந்தது. “சீக்கிரம் முடிங்க” என்றார்.

கிஷார் மண்டியிட்டான். வழக்கப்படி பெரிய பிரபு கேட்டார்: “ரோஷ்வேலுக்கு வேறு யாருக்காவது உரிமை உண்டா?” இரண்டாம் முறை கேட்டார். கிஷாருக்குக் கால் வலித்தது, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் முறை கேட்டார்.

“எனக்கு உண்டு” என்றாள் மஹோ.

“மஹோ, உள்ளே போ” என்றார் அப்பா.

“உள்ளேதானே அப்பா இருக்கேன்?” என்றவள் பெரிய பிரபுவின் பக்கம் திரும்பினாள். “உயில் முதல் மனிதனுக்குன்னு சொல்லுது. நான்தான் முதல்ல பிறந்தேன். மனிதன்னா யாருன்னு எங்கப்பாவே மூணு தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கார். படிக்கட்டுமா?”

படித்தாள். அகழித் தீர்ப்பு: ஆணும் பெண்ணும். அடுப்புத் தீர்ப்பு: ஆணும் பெண்ணும். மதில் தீர்ப்பு: ஆணும் பெண்ணும். மூன்று முத்திரையையும் பெரிய பிரபுவின் மூக்குக்கு நேரே காட்டினாள்.

“அது… வேலைக்குச் சொன்னது” என்றார் கோந்த்ரான். “நிலம்னு வந்தா மனிதன்னா ஆண்தான்.”

“வேலைக்கு ஒரு மனிதன், நிலத்துக்கு ஒரு மனிதனா?” என்றாள் மஹோ. “ஒரு சொல்லுதானே இருக்கு? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க அப்பா.”

“ஆண்!” என்று கத்தினார் பிரபு.

முற்றத்தில் நின்ற பெரின் அதைக் கேட்டாள். “ஏய், நமக்கு வேலை இல்லையாம்டி!” என்று குரல் கொடுத்தாள். நாற்பது பெண்களும் ரொட்டித் துடுப்பைக் கீழே போட்டார்கள், மாவுக் கையைத் துடைத்தார்கள், கோட்டை வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அடுப்புக்குள் ரொட்டி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை மாறியது.

பெரிய பிரபு மூக்கை உறிஞ்சினார். “தீயுதே!”

“இல்லை இல்லை, பெண்ணும்! பெண்ணும் மனிதன்தான்!” என்று பதறினார் கோந்த்ரான். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

“அப்ப ரோஷ்வேல் எனக்கு” என்றாள் மஹோ.

“ஆண்!” என்றார். பெண்கள் மறுபடி நடந்தார்கள்.

“கோந்த்ரான்,” என்றார் பெரிய பிரபு, “அகழியை யார் வாருவா? உன் மகனுங்களா?” எல்லாரும் திரும்பி மூன்று மகன்களையும் பார்த்தார்கள். கிஷார் உட்கார்ந்தபடியே இருந்தான், நடுவுள்ளவனின் தோளில் வல்லூறு எச்சமிட்டிருந்தது, கடைக்குட்டி தூணில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

பிரபுவுக்கு வியர்த்தது. மகளுக்கு நிலம் போகக்கூடாது, குடியானவள் கையிலிருந்து மண்வெட்டியும் போகக்கூடாது. வாழ்க்கையில் முதல் முறையாக, கையில் ஒட்டியிருந்த இரண்டில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தாக வேண்டும். நாற்பது பெண்களின் உழைப்பு வருஷா வருஷம் வரும். ரோஷ்வேல் ஒன்றுதான்.

“ஆணும் பெண்ணும்” என்றார், பல் பிடுங்கியவரைப் போல.

“நாலாவது முத்திரையையும் போட்டுடுங்க” என்றார் பெரிய பிரபு. “வாம்மா இப்படி.”

மஹோ மண்டியிட்டாள். கைகளைக் கூப்பி அவர் கைகளுக்குள் வைத்தாள். “நான் உங்கள் மனிதன் ஆகிறேன்” என்றாள். திபோ அதைக் கம்பீரமாக எழுதினார்.

இங்கே கதையை முடித்துவிடலாம். புத்திசாலிப் பெண் ஜெயித்தாள் என்று எல்லாரும் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பெரின் போகவில்லையே! மாவுக் கையோடு கூடத்தை நோக்கி வந்தாள். வாசலில் மறிக்கக் காவலன் கையை நீட்டினான். “நானும் மனிதன்தானாம். இப்பதான் சொன்னாங்க” என்று அவன் கையைத் தள்ளினாள்.

“சுருளைத் திருப்புங்க” என்றாள்.

மஹோ திருப்பிப் படித்தாள். ‘இந்த மண்ணில் வாழும் ஒவ்வொரு மனிதனும் பிரபுவின் காட்டில் விழுந்த கட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மனிதனும் சபையில் பெஞ்சில் அமர்ந்து பேசலாம்.’

கோந்த்ரான் வாயைத் திறந்தார். பெரிய பிரபு அவரைப் பார்த்தார். கோந்த்ரான் வாயை மூடிக்கொண்டார்.

“மோன்தாரிக் காட்டுல முள்ளுதான் ஜாஸ்தி” என்றாள் பெரின், மஹோவைப் பார்த்து. “நல்ல ஓக் கட்டை ரோஷ்வேல் காட்டுலதான் கிடக்கு. அது இப்ப உங்களுது. சட்டம் ஒரே சட்டம். என்ன சொல்றீங்க?”

மஹோவுக்கு அந்தக் காடு கண்முன்னால் வந்தது. அம்மாவின் காடு. ஒவ்வொரு மரமும் அவளுக்குத் தெரியும். நாற்பது வீட்டிலிருந்து ஆட்கள் கூடையோடு உள்ளே வருவதும் கண்முன்னால் வந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

“அது வந்து பெரின்… ரோஷ்வேல்னு வந்தா, அந்தச் சொல்லுக்கு அங்கே…”

அப்படியே நின்றாள். இந்தக் குரலை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். இப்போதுதான், இதே கூடத்தில், அப்பாவின் வாயிலிருந்து.

“சொல்லுங்கம்மா” என்றாள் பெரின் மெதுவாக. “அங்கே என்ன?”

மஹோ தன் கையில் இருந்த நான்கு முத்திரைகளையும் பார்த்தாள். மூன்று முத்திரைக்கு மண் வாரியதும் ரொட்டி சுட்டதும் வெந்நீர் தூக்கியதும் பெரின்.

“அங்கே கட்டை கொஞ்சம் கனம்” என்றாள் மஹோ. “ரெண்டு ரெண்டு பேரா வாங்க பெரின் அக்கா.”

பெரின் சிரித்தாள். அப்புறம் போய்ச் சபைப் பெஞ்சில், கோந்த்ரான் பிரபுவின் பக்கத்திலேயே, மாவு உதிர உட்கார்ந்தாள். பிரபு கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் இடம் கொடுத்து அவருக்குப் பழக்கமே இல்லை, பாவம். மறுநாள் கன்னிமாடத்து வண்டி வந்தது. வந்த வண்டியை வீணாக்குவானேன் என்று, தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியைத் தூக்கி அதில் போட்டு மடத்துக்கு அனுப்பினார்கள்.

இதனால் எல்லாருக்கும் சொல்வது என்னவென்றால், சுமக்கச் சொல்லும்போது எந்தச் சொல்லுக்குள் எல்லாரையும் அடக்குகிறோமோ, கொடுக்கும்போதும் அதே சொல்லுக்குள் எல்லாரையும் அடக்குவதுதான் நியாயம்.